தெரு ஏன் வளைகிறது

எங்கள் தெரு நேராக ஓடி வந்து பத்தொன்பதாம் மரத்தருகே லேசாக இடப்பக்கம் திரும்பும். வண்டியில் போகிறவர்களுக்குத் தெரியாத அளவுக்குச் சின்னத் திருப்பம். நடந்து போனால் தெரியும். அதுவரை கண்ணில் படாமலிருந்த தெருக்கோடி அங்கே வந்ததும் திறந்துகொள்ளும்.

நான் 31 வருஷம் நில அளவைப் பிரிவில் வரைவாளராக வேலை பார்த்தவள். ஒரு கோடு எங்கே திரும்பினாலும் ஏன் திரும்பியது என்று கேட்டுப் பழகிவிட்டேன். பாறை இருக்கும், ஓடை இருக்கும், யாரோ ஒருவருடைய எல்லைக்கல் இருக்கும். காரணமில்லாமல் கோடு திரும்பாது. இந்தத் திருப்பத்துக்கு மட்டும் எனக்குப் பதில் கிடைக்காமலே இருந்தது. 1958-ல் போட்ட மனைப்பிரிவு வரைபடத்திலும் தெரு இப்படித்தான் வளைந்திருக்கிறது. அங்கே பாறையும் இல்லை, ஓடையும் இல்லை.

ஓய்வு பெறுவதற்கு ஒரு வருஷம் முன்னால், பழைய தாள்களை நகலெடுத்து வைக்கும் வேலை வந்தபோதுதான் பதில் கிடைத்தது. 1931-ஆம் வருஷத்து வரைபடம், டிரேசிங் துணியில் மையால் போட்டது. மடிப்புகளில் நூல் பிரிந்திருந்தது. அதில் எங்கள் புறநகரே இல்லை. வயல், ஒரு கிணறு, நடுவில் ஒரு மண்சாலை. சாலையின் இரண்டு ஓரத்திலும் சின்னச் சின்ன வட்டங்கள். எண்ணிப் பார்த்தேன், 52. எனக்கு முன்னால் அந்த மேஜையில் உட்கார்ந்திருந்த யாரோ ஒருவர் ஒவ்வொரு மரத்துக்கும் நிப்பைத் தொட்டு ஒரு வட்டம் போட்டிருக்கிறார். சாலை கிணற்றை ஒதுங்கிப் போகிறது, மரங்கள் சாலையோடு போகின்றன. 27 வருஷம் கழித்து மனை பிரித்தவர்கள் கிணற்றை மூடிவிட்டார்கள், வயலை மேடாக்கிவிட்டார்கள். மரங்களை மட்டும் வெட்டாமல் அவற்றை ஒட்டியே தெருவைப் போட்டார்கள். இல்லாமல் போன ஒரு கிணற்றுக்காகத்தான் எங்கள் தெரு இன்னும் வளைந்து போகிறது. அதைச் சொல்ல மரங்களைத் தவிர வேறு சாட்சி கிடையாது.

பாரம்பரியம் என்றால் கோபுரம், அரண்மனை, பழைய பாலம் என்றுதான் நமக்குத் தோன்றும். புறநகரில் அப்படி என்ன இருக்கிறது? வீடுகள் முப்பது, நாற்பது வருஷத்துக்கு ஒருமுறை இடித்துக் கட்டப்படுகின்றன. தெருவின் பேரே மாறிவிடுகிறது. சாலைமட்டம் ஒவ்வொரு தார் போடும்போதும் உயர்கிறது. எங்கள் தெருவில் 1931-ல் இருந்த இடத்திலேயே, அதே உயிரோடு இன்றும் இருப்பவை அந்த 52-இல் மிச்சமுள்ள 34 மரங்கள் மட்டும்தான். புறநகரின் ஆகப் பழைய கட்டுமானம் எது என்று என்னைக் கேட்டால், மரவரிசைதான் என்று யோசிக்காமல் சொல்வேன்.

ஓய்வுக்குப் பிறகு முதல் வேலையாக அந்த 34-ஐயும், அப்போது நின்றிருந்த பதினேழாம் மரத்தையும் அளந்தேன். தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் நாடாவைச் சுற்ற வேண்டும், அதைத்தான் நெஞ்சளவுச் சுற்றளவு என்பார்கள். சரிவில் நிற்கும் மரமென்றால் மேட்டுப்பக்கத் தரையிலிருந்து அளப்பேன். நாடா எங்கும் இறங்கிவிடக் கூடாது. ஒரு பக்கம் இரண்டு விரற்கடை தாழ்ந்தாலும் கணக்கு கெட்டுவிடும். பெரும்பாலும் தூங்குமூஞ்சி மரங்கள். மூன்று நாவல், ஒரு மருது. மரம் போன இடங்களை விட்டுவிட்டுப் பார்த்தால், ஒரு மரத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் 12 மீட்டர். எந்தப் பக்கம் அளந்தாலும் பன்னிரண்டுக்கு அரை மீட்டர் கூடக் குறைய இருக்கும். தானாக முளைத்த மரங்கள் இப்படி நிற்காது. யாரோ சங்கிலி பிடித்து அளந்து, குழி எடுத்து, ஒரே பருவத்தில் நட்டிருக்கிறார்கள். ஒரே ஒரு இடத்தில் மட்டும் இடைவெளி 19 மீட்டர். பழைய தாளில் பார்த்தால் அங்கே கிணற்றுக்குப் போகும் ஒற்றையடிப் பாதை புள்ளிக்கோடாக இருக்கிறது. இன்றைக்கு எங்கள் குறுக்குத்தெரு தொடங்குவது அந்த இடைவெளியில்தான்.

இது எங்கள் தெருவின் அதிசயம் ஒன்றுமில்லை. லண்டனின் மேற்கே 1875-ல் உருவாகத் தொடங்கிய பெட்ஃபர்ட் பார்க் என்ற புறநகரில் அங்கே ஏற்கெனவே நின்ற பெரிய மரங்களைக் காப்பாற்றுவதற்காகவே தெருக்களை வளைத்துப் போட்டார்கள். பின்னால் வந்த தோட்டப் புறநகர்களுக்கெல்லாம் அது முன்மாதிரியாகப் பேசப்பட்டது. மரம் முதலில், கோடு அதற்குப் பிறகு. வரைவாளராக எனக்கு அந்த வரிசை பிடித்திருக்கிறது.

இனி பதினேழாம் மரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நான் அளந்தபோது அதன் சுற்றளவு 3.40 மீட்டர். வரிசையிலேயே இரண்டாவது பெரியது. அதன் கிளை தெருவைத் தாண்டி எதிர்வீட்டு மாடிவரை போகும். சாயங்காலம் இலைகள் மடிந்ததும் அதுவரை தெரியாத வானம் கிளைகளுக்கு நடுவே துண்டு துண்டாகத் தெரியும். அந்த மடிப்பு எத்தனை மணிக்குத் தொடங்குகிறது என்று ஒரு மாதம் முழுக்கக் குறித்து வைத்திருந்தேன்.

ஒரு நாள் காலையில் பொக்லைன் சத்தம் கேட்டு வெளியே வந்தேன். கேபிளுக்காகப் பள்ளம். அடிமரத்திலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி, சாலைப் பக்கமாக, 90 சென்டிமீட்டர் ஆழம். நான் போவதற்குள் பதினேழைத் தாண்டிவிட்டார்கள். பள்ளத்தின் மரப்பக்கச் சுவரில் வேர்களின் வெட்டுமுகங்கள் தெரிந்தன. அறுக்கவில்லை, வாளியால் இழுத்துப் பிய்த்திருந்தார்கள். சில வேர்களில் பட்டை உரிந்து மரத்தை நோக்கி ஒரு முழம் வரை கிழிந்து போயிருந்தது. உள்ளே மஞ்சள் கலந்த வெள்ளை. தொட்டால் ஈரம். முழங்கை கனத்துக்கு மேலே உள்ளவற்றை மட்டும் எண்ணினேன், 11.

வண்டி ஓட்டிய பையனிடம் கேட்டேன். "லைன்ல வேர் வந்தா வெட்டித்தானே ஆகணும் மேடம். மரம் ஆழத்துல வேர் விட்டிருக்கும், அதுக்கு ஒண்ணும் ஆகாது" என்றான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். மேலே எவ்வளவு உயரமோ கீழேயும் அவ்வளவு ஆழம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். உண்மையில் மரத்தின் வேர்களில் பெரும்பங்கு மேல்மண்ணில் முதல் 60 சென்டிமீட்டருக்குள்தான் இருக்கிறது. தண்ணீரும் காற்றும் சேர்ந்து கிடைப்பது அங்கேதான். பக்கவாட்டில் அவை கிளைப்பரப்பையும் தாண்டி ஓடும். அடிமரத்தின் விட்டத்தைப் போல 12 மடங்கு ஆரமுள்ள வட்டத்தை வேர்க்காப்பு வட்டமாக ஒதுக்க வேண்டும் என்று பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் கட்டுமான விதிகள் சொல்கின்றன. பதினேழுக்குச் சுற்றளவு 3.40 மீட்டர் என்றால் விட்டம் 1.08. பன்னிரண்டு மடங்கு 13 மீட்டர். பள்ளம் போனது ஒன்றரை மீட்டரில்.

அன்றைக்குச் சாயங்காலமே பள்ளத்தை மூடித் தார் போட்டுவிட்டார்கள். மறுநாள் பார்த்தால் எதுவுமே நடக்காத மாதிரி இருந்தது. மரமும் அப்படித்தான் நின்றது. முதல் வருஷம் முழுக்கப் பச்சையாகவே இருந்தது. சேமித்து வைத்திருந்ததைச் செலவழித்துக்கொண்டிருந்தது என்று பிறகுதான் புரிந்தது. இரண்டாம் வருஷம் சாலைப் பக்க நுனிக்கிளைகள் மொட்டையாயின, புது இலை சிறுத்து வந்தது. அந்த மழைக்காலத்தில் அடிமரத்தில் தரையை ஒட்டித் தட்டுத் தட்டாகக் காளான். பழுப்பு நிறம், விளிம்பு மட்டும் வெள்ளை. மூன்று முறை எழுதிக் கொடுத்தேன். இன்ன அலுவலகம் என்று சொல்லப் போவதில்லை. கடிதம் பெற்றுக்கொண்டதற்கு முத்திரை மட்டும் ஒவ்வொரு முறையும் கிடைத்தது.

மூன்றாம் மழைக்காலத்தில் ஒரு ராத்திரி விழுந்தது. சாலைப் பக்கமிருந்து அடித்த காற்றுக்கு மரம் வீடுகளின் பக்கம் சாய்ந்தது. காற்று வரும் திசையில் உள்ள வேர்தான் கயிறு மாதிரி மரத்தை இழுத்துப் பிடிக்க வேண்டும். அந்தப் பக்கக் கயிறுகள்தான் மூன்று வருஷம் முன்பே அறுந்து போயிருந்தன. ஒரு சுற்றுச்சுவர் இடிந்தது. யாருக்கும் காயமில்லை. விடிந்ததும் போய்ப் பார்த்தேன். நிமிர்ந்து நின்ற வேர்த்தட்டில் சாலைப் பக்கம் ஒரு நேர்கோட்டில் முடிந்திருந்தது, கத்தரித்த காகிதம் மாதிரி. நான் எண்ணிய வேர்முகங்கள் கறுத்து, விரலால் அழுத்தினால் உள்ளே போகிற அளவுக்கு மெத்தென்று இருந்தன. பதிவேட்டில் எழுதியது: "பலத்த காற்றில் விழுந்த பழைய மரம்."

அந்த வரி என்னை ரொம்ப நாள் தூங்கவிடவில்லை. மரம் செத்த காரணத்தையும் அது விழுந்த நாளையும் ஒன்றாக்கிவிடுகிறது. பள்ளத்துக்கும் விழுந்த ராத்திரிக்கும் நடுவில் மூன்று வருஷம் இருப்பதால் யாருக்கும் பொறுப்பு இல்லை. அதைவிட மோசம், "பழைய மரம் என்றால் ஆபத்து" என்ற பேச்சுக்கு அது ஒரு ஆதாரமாகிவிடுகிறது. அடுத்த வாரமே பதினெட்டையும் இருபதையும் வெட்டச் சொல்லி ஒரு மனு தெருவில் சுற்றியது.

விழுந்த மரத்துக்குப் பதில் பத்துக் கன்று வைத்துத் தருகிறோம் என்றார்கள். நல்ல மனதோடு சொன்னதுதான். ஆனால் பத்து என்ற எண் எங்கிருந்து வருகிறது? பிரிட்டனில் உள்ளாட்சிகள் தெருமரத்துக்கு விலை போடப் பயன்படுத்தும் கேவாட் என்ற முறை, அடிமரத்தின் குறுக்குவெட்டுப் பரப்பிலிருந்து கணக்கைத் தொடங்குகிறது. விட்டம் இரண்டு மடங்கானால் பரப்பு நான்கு மடங்காகும், அவ்வளவுதான் சூத்திரம். அந்த அளவுகோலை மட்டும் எடுத்துக்கொண்டு நானும் போட்டுப் பார்த்தேன். நட வருகிற கன்று நல்ல கன்றாகவே இருக்கட்டும், தண்டு 4 சென்டிமீட்டர் விட்டம். பதினேழு 108 சென்டிமீட்டர். 27 மடங்கு விட்டம், 729 மடங்கு பரப்பு. ஒரு மரத்துக்கு ஈடு 729 கன்று. எங்கள் தெருவின் நீளத்துக்கு அத்தனையையும் நட்டால் ஆள் நடக்க இடமிருக்காது.

வைத்த கன்றெல்லாம் வளரும் என்றும் சொல்ல முடியாது. தெருமரங்கள் எத்தனை வருஷம் பிழைக்கின்றன என்று பல ஊர்களின் பதிவுகளைச் சேர்த்துப் பார்த்து அமெரிக்காவில் 2011-ல் ஒரு ஆய்வு வந்தது. தெருவில் வைத்த மரத்தின் சராசரி ஆயுள் 19-இலிருந்து 28 வருஷம் என்று அதில் கணக்கு வந்தது. அப்படியென்றால் 90 வருஷம் தாண்டி நிற்கிற ஒவ்வொரு தெருமரமும் எத்தனை கண்டத்தைத் தப்பி வந்திருக்கும். வண்டி மோதவில்லை, ஆடு கடிக்கவில்லை, குழாய் வரவில்லை, பேனர் கட்ட ஆணி அடித்ததிலும் சாகவில்லை.

கிழட்டு மரம் வளர்ச்சி நின்று போய்ச் சும்மா நிற்கிறது என்பதும் சரியில்லை. 403 மர இனங்களின் அளவுகளை வைத்து 2014-ல் வந்த ஆய்வு, பெரும்பாலான இனங்களில் மரம் பருக்கப் பருக்க ஒரு வருஷத்தில் அது சேர்க்கும் எடையும் கூடிக்கொண்டே போகிறது என்று காட்டியது. வளையம் மெலிந்திருக்கலாம், ஆனால் அந்த மெல்லிய வளையம் எவ்வளவு பெரிய சுற்றளவில், எத்தனை கிளையில் ஏறுகிறது என்று பார்க்க வேண்டும்.

பணக்கணக்கை நான் முழுக்க நம்புகிறவள் அல்ல. லண்டன் பெர்க்லி சதுக்கத்தில் 1789-ல் நட்ட பிளேன் மரங்களில் ஒன்றுக்கு 2008-ல் 7,50,000 பவுண்டு மதிப்புப் போட்டார்கள். எண்ணைக் கேட்டால் வியப்பாக இருக்கும், அலுவலகத்தில் பேச உதவும். வங்காளத்தின் ஜெசோர் சாலை மரங்கள் வழக்கில் உச்ச நீதிமன்றம் அமைத்த குழு 2021-ல், மரத்தின் வயதை 74,500 ரூபாயால் பெருக்கினால் அதன் மதிப்பு என்றது. நூறு வயது தாண்டிய மரத்துக்கு ஒரு கோடிக்கு மேல் போகலாம் என்றும் சொன்னது. 2023-ல் பாலங்களுக்காக அந்த மரங்களை வெட்ட அதே நீதிமன்றத்தில் அனுமதி கிடைத்துவிட்டது. விலை எழுதிவிட்டால் யாராவது அதைக் கட்டத் தயாராக வருவார்கள். எனக்கு வேறு ஒரு குறையும் உண்டு. வயதைப் பெருக்கும் கணக்கில் நூறு வயது மரம் பத்து வயது மரங்கள் பத்துக்குச் சமமாகிவிடுகிறது. அந்தப் பத்து மரங்களில் ஒன்றுகூட 1931-ன் தாளில் இருக்காதே.

இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் நடந்ததைத் தெருமரம் பற்றிப் பேசும் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். 2012-ல் தொடங்கிய 25 வருஷச் சாலைப் பராமரிப்பு ஒப்பந்தத்தில், ஊரின் ஏறக்குறைய 36,000 தெருமரங்களில் 17,500-ஐ மாற்றுவது என்று எழுதியிருந்தது. மரத்தைப் பார்த்து எழுதிய எண் இல்லை, முன்கூட்டியே எழுதிய எண். ஆயிரக்கணக்கில் வெட்டினார்கள். 2016 நவம்பர் 17 அன்று விடிவதற்கு முன், ஐந்து மணிக்கு, ரஸ்ட்லிங்ஸ் சாலையில் ரம்பத்தோடும் போலீசோடும் வந்து எட்டு லைம் மரங்களை (எலுமிச்சை இல்லை, ஒரு வகை நிழல் மரம்) வெட்டினார்கள். தடுக்க வந்தவர்களில் எழுபது வயது தாண்டிய இரண்டு பெண்களைக் கைது செய்தார்கள். பல வருஷப் போராட்டத்துக்குப் பிறகுதான் வெட்டு நின்றது. 2023 மார்ச்சில் விசாரணை அறிக்கை வந்தது, நகராட்சி மன்னிப்புக் கேட்டது. அந்த ஊரின் வெஸ்டர்ன் சாலை மரங்கள் முதல் உலகப் போரில் இறந்த, அங்கிருந்த பள்ளியின் முன்னாள் மாணவர்களின் நினைவாக 1919-ல் நட்டவை. அவற்றையும் வெட்டும் பட்டியலில் சேர்த்திருந்தார்கள். நடைபாதை பெயர்ந்திருக்கிறது என்பதுதான் பட்டியலில் எழுதும் காரணம். யார் நட்டார்கள், எதற்காக நட்டார்கள் என்று எழுத அதில் கட்டமே கிடையாது.

எங்கள் தெருவில் அந்தக் கட்டத்தைச் சேர்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது அதைப் படித்தபோதுதான்.

மற்ற ஊர்களில் எப்படிப் பதிகிறார்கள் என்று தேடினேன். ஹாங்காங் 2004-ல் பழைய, மதிப்புமிக்க மரங்களின் பதிவேட்டைத் தொடங்கியது. அடிமரம் ஒரு மீட்டருக்கு மேல் விட்டம், நூறு வயது, அரிய இனம், வரலாறோ பண்பாடோ சேர்ந்தது, தோற்றத்தில் தனிச்சிறப்பு என்று ஏதாவது ஒன்று பொருந்தினால் மரம் உள்ளே வரலாம். சிங்கப்பூர் 2001-ல் பாரம்பரிய மரத் திட்டம் தொடங்கியது. ஐந்து மீட்டருக்கு மேல் சுற்றளவுள்ள மரங்களை அதில் கருதுவார்கள். எனக்கு அதைவிடப் பிடித்தது அவர்களுடைய பாரம்பரியச் சாலைகள். ஐந்து சாலைகளை 2006-ல் சட்டப்படி அறிவித்து, சாலையின் இருபுறமும் பசுமைப் பட்டையாகக் காக்கிறார்கள். அங்கே பாரம்பரியம் என்பது ஒரு மரமல்ல, மேலே கை கோத்து நிற்கும் முழு வரிசை.

இந்த வித்தியாசம்தான் எங்கள் தெருவுக்கு முக்கியம். தனி மரமாக எடுத்தால் எங்கள் 34-இல் ஒன்றுகூட ஐந்து மீட்டர் வராது. எந்தப் பட்டியலிலும் இடமில்லை. ஆனால் 12 மீட்டர் இடைவெளியும், 19 மீட்டர் வாசலும், கிணற்றுத் திருப்பமும் தனி மரத்தில் இல்லை, வரிசையில் இருக்கின்றன. ஒவ்வொரு மரமாக மனு போட்டு, ஒவ்வொரு மரமாக அனுமதி கொடுத்து, "இது ஒன்றுதானே" என்று சொல்லிச் சொல்லி 52 இப்போது 34 ஆகியிருக்கிறது. நான் எழுதிய குறிப்பில் முதல் வரியே, இந்த 34-ஐயும் ஒரே பொருளாகப் பதிய வேண்டும் என்பதுதான்.

இன்னொன்றையும் சேர்த்தேன், கவாத்து. கம்பிக்காக வருஷா வருஷம் வெட்டுகிறார்கள். எப்படி வெட்டுகிறார்கள் என்பதில்தான் மரத்தின் அடுத்த முப்பது வருஷம் இருக்கிறது. கிளை அடிமரத்தோடு சேரும் இடத்தில் சட்டைக்கைக்கு மடிப்பு வைத்த மாதிரி ஒரு புடைப்பு இருக்கும். அந்தக் கழுத்துக்கு வெளியே வெட்டினால் இரண்டு மூன்று வருஷத்தில் புதுக்கட்டை வளையல் மாதிரி சுற்றிலும் உருண்டு வந்து வாயை மூடும். கழுத்தோடு சேர்த்து வழித்து வெட்டினால் மூடாது. எட்டாம் மரத்தில் இரண்டும் பக்கம் பக்கமாக இருக்கின்றன. ஒன்று உள்ளங்கை அளவு வட்டமாக மூடிவிட்டது. மற்றது ஒரு முழ நீளத்துக்குத் திறந்தே இருக்கிறது, மழை பெய்தால் அதிலிருந்து கறுப்புத் தண்ணீர் வடிகிறது. மரத்துக்குக் காயம் ஆறுவது கிடையாது, கெட்டதைச் சுவர் வைத்து அடைத்துவிட்டு அதற்கு வெளியே புதிதாக வளரும். இதை விளக்கியவர் அமெரிக்க வனத்துறையில் இருந்த அலெக்ஸ் ஷிகோ. ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்காகப் பிளந்து பார்த்தவர். அதனால்தான் தலையை மொட்டையடிப்பது அவ்வளவு கெடுதல். அத்தனை பெரிய வாயைச் சுவர் வைத்து அடைக்க மரத்தால் முடியாது. உள்ளே சொத்தை இறங்கும். மேலே கொத்தாக முளைக்கும் குச்சிகள் நடுவிலுள்ள வைரக்கட்டையிலிருந்து வருவதில்லை, மேல்தோலில் ஒட்டிக்கொண்டு வளரும். பத்து வருஷத்தில் அவை கனத்துப் போய்க் காற்றில் பிய்த்துக்கொண்டு விழும். ஆபத்து என்று மொட்டையடிக்கிறோம், ஆபத்தை அங்கேதான் வளர்க்கிறோம்.

எல்லா மரத்தையும் என்ன ஆனாலும் வைத்திருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. முப்பத்திரண்டாம் மரத்தின் அடிப்பகுதி பாதிக்கு மேல் உளுத்துவிட்டது, அதன் கீழேதான் குழந்தைகள் பள்ளி வண்டிக்கு நிற்கிறார்கள். அதை எடுக்கலாம் என்று நானே எழுதிக் கொடுத்தேன். எழுதிய அன்று கையே வரவில்லை. ஆனால் பொந்து இருக்கிறது என்பதற்காக மட்டும் மரம் விழாது. நடுவில் உள்ள வைரம் செத்த கட்டை. அது போனாலும் சுற்றுச்சுவர் கனமாக இருந்தால் மரம் குழாய் மாதிரி நிற்கும். பன்னிரண்டாம் மரத்தின் பொந்தில் ஐந்து வருஷமாக ஆந்தை ஜோடி இருக்கிறது. பத்து வயதுக் கன்றில் ஆந்தைக்குப் பொந்து கிடைக்காது.

பதினெட்டை வெட்டச் சொல்லி மனு கொடுத்தவர் என் எதிர்வீட்டு அண்ணன்தான். அவருடைய கோபத்திலும் நியாயம் இருக்கிறது. இடிந்தது அவர் சுவர். நான் அவரிடம் வாதாடவில்லை. 1931-ன் தாள் நகலை எடுத்துக்கொண்டு போய்த் திண்ணையில் விரித்தேன். அவர் வீடு இருக்கும் இடத்தில் வயல் என்று எழுதியிருந்தது. ரொம்ப நேரம் பார்த்தார். "அப்ப இந்த வட்டம்தான் நம்ம மரமா?" என்றார். "ஆமாண்ணே, நீங்களும் நானும் பிறக்கறதுக்கு முன்னாடியே பெரிய மரம்" என்றேன். மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டாரா என்று கேட்கவில்லை. பதினெட்டு இன்னும் நிற்கிறது. அதன் அடியைச் சுற்றி அவரே போட்டிருந்த சிமென்ட் தளத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை கடப்பாரை வைத்துப் பெயர்த்து எடுத்தார். ஒரு மீட்டர் அகலத்துக்கு மண் தெரிகிற மாதிரி விட்டிருக்கிறார்.

போன வருஷம் மழைநீர் வடிகால் வேலை வந்தது. இந்த முறை வந்த இளம் பொறியாளர் கையில் என் பட்டியலின் நகல் இருந்தது. யார் கொடுத்தார்கள் என்று தெரியாது. இருபத்திரண்டிலிருந்து இருபத்தைந்து வரை பொக்லைனை நிறுத்திவிட்டுக் கையால் தோண்டச் சொன்னார். நான் இரண்டு நாளும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். மண்வெட்டி போய்க் குத்துக்கம்பி வந்தது, அப்புறம் கையாலேயே மண்ணை வழித்தார்கள். என் தொடை கனத்துக்கு ஒரு வேர் வெளிப்பட்டது. பட்டை கொஞ்சம்கூட உரியவில்லை. தோண்டியவர் ஈரச்சாக்கை அதன் மேல் சுற்றினார், வெயிலுக்குக் காயாமல் இருக்க. குழாயை வேருக்கு அடியில் விட்டுத் தள்ளினார்கள். நாலு மரத்துக்கு ஒன்றரை நாள் கூடுதல் வேலை, அவ்வளவுதான்.

பொறியாளரிடம் என் வரைபடத்தைக் காட்டினேன். இருக்கிற 34-க்கு முழு வட்டமும் போன 18-க்குப் புள்ளிக்கோட்டு வட்டமும் போட்டிருக்கிறேன். புள்ளிவட்டம் இருக்கும் இடங்களில் ஏழில் இப்போது கன்று வைத்தாயிற்று. ஒரே இனமாக வேண்டாம் என்று நான்கு வகையாக வைத்தோம். எல்ம் மரத்தை மட்டும் வரிசை வரிசையாக நட்ட வட அமெரிக்க ஊர்கள் ஒரே நோயில் தெருத் தெருவாக மரத்தைப் பறிகொடுத்தன.

அவர் வரைபடத்தைத் திருப்பித் தரும்போது பத்தொன்பதாம் மரத்தருகே விரலை வைத்து, "மேடம், இந்தத் திருப்பத்தை நேராக்கணும்னு ஒரு கோப்பு ஓடிட்டிருக்கு" என்றார். நேராக்கினால் பத்தொன்பது, இருபது, இருபத்தொன்று மூன்றும் போகும். நான் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய் 1931-ன் நகல் ஒன்றும், கிணற்றைச் சிவப்பில் குறித்த புது வரைபடம் ஒன்றும் எடுத்து வந்து கொடுத்தேன். கோப்பில் சேர்க்கச் சொன்னேன். சேர்த்துவிட்டதாக அடுத்த வாரம் போனில் சொன்னார்.

கோப்பு இன்னும் முடியவில்லை. ஜனவரியில் நாடாவோடு மறுபடி அளக்கப் போகிறேன். பத்தொன்பது போன முறை 2.96 மீட்டர்.